மூன்று கார்புரேட்டர், ஒரு கம்பி

"நடுவுல இருக்கறது ஒழுங்கா இருக்குது. ரெண்டு ஓரத்துலயும் இருக்கறதுதான் துரோகம் பண்ணுது."

சொல்லிவிட்டு வெள்ளிங்கிரி வாசலிலேயே நின்றார்.

தகரக் கொட்டகைக்குள் துளசிமணி ஒரு மொபெட்டின் கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"துரோகமா? யாருங்க தலைவரே பண்ணுனது?"

"கார்புரேட்டர்."

"அப்பச் சரி. பேர் போட்டு நோட்டீஸ் அடிச்சுருங்க."

வெள்ளிங்கிரி பதில் சொல்லவில்லை. அறுபத்து நான்கு வயதில் அவர் பதில் சொல்லாமல் நின்ற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு காலத்தில் ஆயிரத்து இருநூறு பேரை ஒற்றைக் கையசைப்பில் உட்கார வைத்தவர் அவர். மேட்டுப்பாளையம் சாலையில் கார்புரேட்டர் தொழிற்சாலை. மொபெட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் செய்தார்கள். முப்பத்தோரு வருடங்களுக்கு முன் அங்கே வேலைநிறுத்தம். நாற்பத்து மூன்றாம் நாள் சோதனைப் பிரிவுப் பெண்கள் பன்னிரண்டு பேர் கேட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். ஐம்பதாம் நாள் எல்லோரும் போனார்கள்.

வெள்ளிங்கிரியையும் இன்னும் ஆறு பேரையும் மட்டும் உள்ளே விடவில்லை.

பன்னிரண்டு பெண்களின் பெயரையும் துண்டறிக்கையில் அச்சடித்து ஊர் முழுக்க ஒட்டினார் வெள்ளிங்கிரி. தலைப்பு, 'துரோகத்தின் பன்னிரண்டு முகங்கள்'. நல்ல தலைப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறார்.

அதில் மூன்றாவது பெயர் துளசிமணி.

வெளியேற்றப்பட்ட ஏழு பேரும் சேர்ந்து கோவை கணபதியில் ஒரு பட்டறை தொடங்கினார்கள். முதலாளி கிடையாது. ஏழு பேரும் முதலாளி, ஏழு பேரும் தொழிலாளி. வாசலில் பெயர்ப் பலகை: தோழர்கள் பட்டறை. யாரிடமும் குனியாத பட்டறை என்று ஊரில் பேர்.

அந்தப் பட்டறைக்குத்தான் சிவப்பு நிற அமெரிக்கக் கார் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் பழசு. எட்டு சிலிண்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து அந்த எட்டுக்கும் ஊட்ட, வரிசையாக மூன்று கார்புரேட்டர். பழைய கார்கள் வரிசையாக ஊட்டி ஏறும் ஓட்டம் ஒன்றுக்காகக் கொண்டுவந்தவன் மில் முதலாளி வீட்டுப் பேரன்.

"உங்களால முடியலேன்னா சொல்லிருங்க சார். பம்பாய்ல ஒருத்தர் இருக்கார்," என்றான் பேரன்.

மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் வெள்ளிங்கிரிக்கு எரிந்தது. திமிராகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்.

"பம்பாய்க்காரனுக்குக் கையில ஆறு விரலா?" என்றார். "இன்னும் ரெண்டு வாரம் இருக்குதல்ல? ஞாயித்துக்கிழமை வண்டி ஊட்டி ஏறும். போங்க."

ஒன்பது நாளாயிற்று. வண்டி பட்டறை வாசலைத் தாண்டவில்லை.

கோவையில் மூன்று கார்புரேட்டரைக் காதால் கேட்டு ஒன்றாக்கத் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தார். செட்டிபாளையத்தில் ரேஸ் ஓட்டும் பையன்கள் ஒரு பெயர் சொன்னார்கள். டீசல் பம்ப் கடைக்காரர் ஒரு பெயர் சொன்னார். இரண்டும் ஒரே பெயர்.

அதனால்தான் சிங்காநல்லூரில் இந்தத் தகரக் கொட்டகை வாசலில் நிற்கிறார்.

"என்ன பண்ணுது?" என்று கேட்டார் துளசிமணி.

"ஸ்லோவுல நிக்கறப்பவே ஏறி ஏறி இறங்குது. மிதிச்சா இருமுது. ஓரத்து ரெண்டையும் நடுவுக்குச் சமமா திருகி வெக்கறேன். சாயங்காலம் சரியா இருக்கும். காலையில பாத்தா கட்சி மாறிருது."

"கம்பி?"

"மாட்டித்தான் இருக்குது."

மூன்று கார்புரேட்டரையும் சேர்த்துக் கட்டும் இணைப்புக் கம்பி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது இழுக்கும். அது இழுத்தால் மூன்றும் ஒன்றாகத் திறக்க வேண்டும்.

"கம்பியைக் கழட்டிப் போட்டுட்டு நாளைக்கு வாங்க."

"கம்பியைக் கழட்டினா அப்பறம் ஒத்துமை ஏது?"

துளசிமணி மறுபடி மண்ணெண்ணெயில் கையை விட்டார்.

மறுநாள் வெள்ளிங்கிரி வந்தார்.

"கழட்டுனேன்."

"என்ன ஆச்சு?"

"மூணும் மூணு பக்கம் போகுது."

"முன்னாடியும் அப்படித்தான் போயிட்டு இருந்துச்சு. கம்பி இருந்ததால தெரியல."

கொட்டகைச் சுவரில் ஆணியில் ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. ஒரு முழ நீளம். பழசாகிப் பளபளத்தது. துளசிமணி அதை எடுத்து நீட்டினார்.

வெள்ளிங்கிரிக்கு அது என்ன என்று தெரியும். சோதனைப் பிரிவில் பன்னிரண்டு பெண்கள் பன்னிரண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்கள். குழாயின் ஒரு முனை காதில், மறு முனை கார்புரேட்டரின் வாயில். உள்ளே போகும் காற்றின் ஓசையைக் கேட்டே இது நல்லது, இது கழிவு என்று பிரிப்பார்கள். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு. பதினெட்டு வருடம் அந்தப் பிரிவைக் கடந்து அவர் கடைசல் பட்டறைக்குப் போயிருக்கிறார். ஒருநாளும் குழாயை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஓரத்து ரெண்டையும் கேட்டுட்டு வாங்க," என்றார் துளசிமணி.

"கேட்டு?"

"என்ன சொல்லுதுன்னு வந்து சொல்லுங்க."

அதற்கு அடுத்த நாளும் வந்தார்.

"கேட்டேன். கம்மியாக் கேக்குது."

"எதை விட?"

"நடுவை விட."

"நடுவைக் கேக்கச் சொன்னனா?"

"நடுவைக் கேக்காம ஓரத்தைக் கேட்டு என்ன ஆகறது?"

"மறுபடியும் கேட்டுட்டு வாங்க."

வெள்ளிங்கிரி ரப்பர் குழாயை மேசைமேல் போட்டார்.

"என்ன விளையாட்டா? இன்னும் நாலு நாள்தான் இருக்குது. ஞாயித்துக்கிழமை வண்டி எங்கிருந்து கிளம்புதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"நம்ம ஃபேக்டரி இருந்த இடம். இப்பக் கல்யாண மண்டபம். பழைய கேட் மட்டும் அப்படியே நிக்குது. அந்தக் கேட்டுல வெச்சுத்தான் கொடி அசைக்கறாங்க. வண்டிக்கு வண்டி எந்தப் பட்டறை தயார் பண்ணுச்சுன்னு முன்னாடி போர்டு மாட்டுவாங்க. நம்மளைத் துரத்துன கேட்டுல நம்ம பேர் போட்ட வண்டி முதல் வரிசையில நிக்கணும்."

துளசிமணி கையைத் துணியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நம்ம பேரா?" என்றார்.

வெள்ளிங்கிரி கேட்கக்கூடாது என்று முப்பத்தோரு வருடமாக வைத்திருந்ததைக் கேட்டார்.

"போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க. பன்னெண்டு பேர்ல ஒருத்தராச்சும்."

"வந்தோமுங்க."

"எங்க?"

"ஸ்ட்ரைக் பந்தலுக்கு. முப்பதாவது நாள். பன்னெண்டு பேரும் வந்தோம். ரெண்டு பேர் மாசமா இருந்தாங்க. ஒருத்தி பையனுக்கு மஞ்சக்காமாலை. அரிசி யார் வீட்லயும் இல்ல. இதையெல்லாம் சொல்லலாம்னு ரெண்டு மணி நேரம் நின்னோம். காம்பவுண்டுச் சுவத்தோரமா."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க பேசிட்டு இருந்தீங்க."

"முடிச்சப்பறம் வந்திருக்கலாமே."

"முடிக்கலீங்களே."

துளசிமணியே தொடர்ந்தார்: "மைக்கும் ஒண்ணுதானுங்களே இருந்துச்சு."

வெள்ளிங்கிரிக்கு அந்தப் பேச்சு நினைவிருந்தது. ஒற்றுமையைப் பற்றிய பேச்சு. அவர் பேசியதிலேயே சிறந்த பேச்சு என்று எல்லோரும் சொன்னார்கள்.

அவர் கிளம்பத் திரும்பினார். வாசலில் துளசிமணியின் குரல் நிறுத்தியது.

"மூணும் அமெரிக்காவுல செஞ்சதா?"

வெள்ளிங்கிரி திரும்பினார். இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. தலை தானாக நிமிர்ந்தது.

"ஓரத்து ரெண்டு மட்டும். நடு உடைஞ்சு வந்துச்சு. புதுசு வரவழைக்கறேன்னான் பேரன். வேண்டாம்னுட்டேன். உள்ளே காத்துக் கதவைத் திறந்து மூடற ஷாஃப்ட், அது உக்கார்ற புஷ், எல்லாம் என் கையால கடைஞ்சேன். அமெரிக்காக்காரன் பாத்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது."

"சமம் பண்றதுக்கு எதை அளவா வெச்சீங்க?"

"நடுவைத்தான். வேற எதை வெக்கறது?"

துளசிமணி ரப்பர் குழாயை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார்.

"நாளைக்கு நான் வர்றேன்."

மறுநாள் காலை துளசிமணி கணபதிப் பட்டறைக்குள் நுழைந்தபோது ஆறு தோழர்களும் வேலையை நிறுத்தினார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்த சாமுவேல் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். வேலைநிறுத்தத்தில் தலையில் பதினோரு தையல் வாங்கியவர் அவர்.

"சாமுவேலு," என்றார் வெள்ளிங்கிரி.

"என்ன?"

"வெளிய போறதுன்னா டீ சொல்லிட்டுப் போ. எட்டு."

சாமுவேல் அவரைப் பார்த்தார். துளசிமணியைப் பார்த்தார். வெளியே போனார். சற்று நேரத்தில் எட்டு டீ வந்தது. சாமுவேலும் வந்தார்.

காரின் பானெட் திறந்திருந்தது. மூன்று கார்புரேட்டரும் மூடியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றன. வெள்ளிங்கிரி வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் உறுமியது, தேய்ந்தது, மறுபடி உறுமியது, மறுபடி தேய்ந்தது. எந்த நேரமும் நின்றுவிடும் போலிருந்தது.

துளசிமணி ரப்பர் குழாய் கொண்டுவரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

பிறகு பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கேனில் ஆட்காட்டி விரலைத் தோய்த்தார்.

ஓரத்தில் இருந்த கார்புரேட்டரில், ஷாஃப்ட் வெளியே எட்டிப் பார்க்கும் முனையில் விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் மாறவில்லை.

மறு ஓரத்தில் வைத்தார். ஒன்றும் மாறவில்லை.

"சொன்னேனே. ரெண்டும் என்ன பண்ணினாலும் அசையாது. அப்படிப்பட்ட பிடிவாதம்," என்றார் வெள்ளிங்கிரி.

துளசிமணி நடுவில் இருந்ததன் முனையில் விரலை வைத்தார்.

எஞ்சின் அடங்கியது.

உறுமல் இல்லை, தேய்தல் இல்லை. எட்டு சிலிண்டரும் ஒரே சீராக ஓடின. தரையில் வைத்த தம்ளர்களின் கிணுகிணுப்புகூட நின்றுவிட்டது.

துளசிமணி விரலை எடுத்தார்.

உறுமியது. தேய்ந்தது.

வைத்தார். அடங்கியது.

எடுத்தார்.

வெள்ளிங்கிரி எட்டிச் சாவியைத் திருகி வண்டியை நிறுத்தினார். பட்டறையில் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். அவர்கள் அவருடைய தோழர்கள். முப்பத்தோரு வருடத்தில் அவர் முகத்தை இப்படிப் பார்க்க நேர்ந்ததில்லை.

ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி; எண்ணெய் விரல் அடைத்தது அதைத்தான். அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் நடுவின் ஓசை எல்லாவற்றையும் விடப் பெரிதாகக் கேட்டது. அந்த ஓசைக்குச் சமமாக வராத இரண்டையும் இத்தனை நாளாக அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"எந்த அளவுல கடைஞ்சீங்க?" என்று கேட்டார் துளசிமணி.

"நம்ம அளவுலதான்." வெள்ளிங்கிரியின் குரல் இறங்கியிருந்தது. "ஃபேக்டரி அளவு. ஷாஃப்ட் சிக்காம இருக்கக் கொஞ்சம் தளர்வு விடுன்னு மேனேஜர் சொல்வான். மொபெட்டுக்கு அது போதும். பதினெட்டு வருஷம் அந்த அளவைத்தானே கடைஞ்சேன். கை தானா அங்கதான் போய் நிக்கும்."

"கேட்டுக்கு வெளிய வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு தலைவரே," என்றார் துளசிமணி. "அவங்க அளவு இன்னும் உங்க கையிலயே இருக்குது."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வெள்ளிங்கிரி கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றார். முதல் ஷாஃப்ட்டைக் கடைந்தார், பார்த்தார், தூக்கிப் போட்டார். இரண்டாவதைத் தூக்கிப் போட்டார். மூன்றாவது நன்றாக வந்தது. சாமுவேல் கைதட்டினார். வெள்ளிங்கிரி எண்ணெய் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அதையும் தூக்கிப் போட்டார். சாப்பிடவில்லை. யாரிடமும் பேசவில்லை. அவர் பேசாத நாள் என்று ஒன்று உண்டா என்று மற்ற ஆறு பேரும் அவருக்குக் கேட்காமல் கிசுகிசுத்தார்கள்.

நான்காவது ஷாஃப்ட் உட்கார்ந்தது.

சனிக்கிழமை துளசிமணி வந்தார். இந்த முறை குழாயோடு.

அவர் கேட்கவில்லை. குழாயை வெள்ளிங்கிரியிடம் கொடுத்தார்.

வெள்ளிங்கிரி குனிந்து முதலில் இடது ஓரத்தைக் கேட்டார். நடுவை நினைக்காமல் கேட்டார். அது ஒன்றும் கம்மியாகச் சொல்லவில்லை. அதன் மூச்சு அதற்குச் சரியாக இருந்தது. அவர் திருகித் திருகிக் கெடுத்து வைத்திருந்த திருகாணியை மெல்லப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார். மூச்சு இன்னும் தெளிந்தது.

வலது ஓரத்தைக் கேட்டார்.

நடுவைக் கடைசியாகக் கேட்டார்.

மூன்றையும் கேட்டு முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு இணைப்புக் கம்பியை எடுத்து மாட்டப் போனார். கம்பி அரை நூல் குட்டையாக இருந்தது. ஓரத்து நெம்புகோலை லேசாக இழுத்துக் கம்பியோடு சேர்க்கப் பார்த்தார்.

துளசிமணி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கம்பிக்காக அது நகரக் கூடாது. அது நிக்கற இடத்துக்குக் கம்பி வரட்டும்."

வெள்ளிங்கிரி கம்பியின் நுனியைத் திருகி நீளத்தைக் கூட்டினார். கம்பி தானாகப் போய் உட்கார்ந்தது. மூன்றில் ஒன்றும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாண மண்டபத்து வாசலில் பழைய கார்கள் இருபத்திரண்டு நின்றன. முதல் வரிசையில் சிவப்புக் கார். அதன் முன்னால் பலகை: தயாரித்தது, தோழர்கள் பட்டறை, கணபதி. அதற்கு மேலே, துருப்பிடித்து, பழைய தொழிற்சாலைக் கேட்.

செய்தி கேட்டுப் பழைய ஆட்கள் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். காதோரம் நரைத்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள். பலகையைப் பார்த்தார்கள், கேட்டைப் பார்த்தார்கள், மறுபடி பலகையைப் பார்த்தார்கள். ஒருவர் பலகையைத் தொட்டுப் பார்த்தார்.

மில் வீட்டுப் பேரன் மைக்கை எடுத்தான். "இந்த வண்டியைத் தயார் பண்ணின பட்டறையோட தலைவர் ரெண்டு வார்த்தை பேசுவார்."

"போச்சுடா," என்றார் கூட்டத்தில் ஒருவர். "மத்தியானம்தான் கொடி அசைப்பாங்க. எல்லாரும் உக்காருங்கப்பா."

சிரிப்பு எழுந்தது. அன்பான சிரிப்பு. அவர் பேச்சைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

வெள்ளிங்கிரி மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். பேச்சு தயாராக இருந்தது. முப்பத்தோரு வருடமாகத் தயாராக இருந்தது.

காம்பவுண்டுச் சுவரோரம் துளசிமணி நின்றிருந்தார். அவருடன் இன்னும் நான்கைந்து பெண்கள். வயதாகியிருந்தாலும் வெள்ளிங்கிரிக்கு அவர்களைத் தெரிந்தது. ஒவ்வொரு பெயரையும் அச்சுக் கோத்தவனுக்குப் படித்துக் காட்டியவர் அவர்தானே.

மைக்கின் வயர் பின்னால் இழுபட, கூட்டத்துக்குள் இறங்கி நடந்தார். வழி விட்டார்கள். சுவரோரம் போய் நின்றார்.

"தோழர் துளசிமணி," என்றார். மைக்கில் அது ஊருக்கே கேட்டது. "பேசுங்க."

நீட்டினார்.

துளசிமணி உடனே வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். சாமுவேல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

துளசிமணி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மைக்கோடு காருக்கு நடந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். வண்டியைக் கிளப்பச் சொன்னார். மூன்று கார்புரேட்டரின் திறந்த வாய்களுக்கு மேல் மைக்கைப் பிடித்தார்.

ஒலிபெருக்கிகளில், மண்டபத்தின் மேல், கேட்டின் மேல், மேட்டுப்பாளையம் சாலையின் மேல் அந்த மூச்சு கேட்டது. ஏறவில்லை. இறங்கவில்லை. ஒரே மூச்சு.

யாரும் அசையவில்லை.

சாமுவேல் வெள்ளிங்கிரியின் காதருகே குனிந்தார். "தோழர், இதுல நீங்க செஞ்சது எது?"

வெள்ளிங்கிரி கண்ணை மூடி உற்றுக் கேட்டார். வெகு நேரம் கேட்டார்.

"தெரியல," என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.